வேதாளத்தின் முதல் கேள்வி

பேயை வேட்டையாடப் போகிறவனைப் பற்றி எல்லா மொழிகளிலும் கதைகள் உண்டு. வேட்டையாடப்படும் பேய் வாய் திறந்து பேசுகிற கதைகள் அவற்றில் குறைவு. அப்படிப் பேசி, தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவனையே கேள்வி கேட்டு, அவன் சரியான பதிலைச் சொல்லிவிட்டான் என்பதாலேயே கைநழுவிப் போகிற பேய் அபூர்வம். அந்த அபூர்வப் பிறவியை நாம் முருங்கை மரத்தில் தொங்கவிட்டு, ஒரு பழமொழியாகச் சுருக்கி, மிச்சத்தைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டோம். திருந்தியதாகப் பாவனை செய்தவன் பழைய குணத்துக்குத் திரும்பினால் வேதாளம் ஞாபகம் வருகிறது. மற்ற நேரத்தில் வருவதில்லை. அந்தக் கதைக்குள் ஒரு தர்மப் பிரச்னை இருக்கிறது. நாம் நினைப்பதைவிட அது கடினமானது. அதைப் பற்றித்தான் இங்கு சொல்ல வேண்டியிருக்கிறது.

1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 'சந்தமாமா'வைத் தொடங்கினார்கள். தமிழில் அது 'அம்புலிமாமா'. அதில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தூக்கிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை நடந்தான். பல பத்தாண்டுகள் நடந்தான். உருவிய வாள் ஒரு கையில், தோளில் பிணம், பின்னால் மயானம். சங்கர் என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன் வரைந்த இந்தச் சித்திரத்தைக் கதையைப் படித்தே இராதவர்கள்கூட அறிவார்கள். சங்கர் 2020இல் காலமானார். அடுத்த வருஷம் பத்மஸ்ரீ வந்தது. பத்திரிகை அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு வீடுகளுக்குள் போன வேட்டைக்காரன் நம்மிடம் வேறு யாரும் இல்லை. குழந்தைப் பத்திரிகை சமாசாரம்தானே என்று இதை ஒதுக்குவது சுலபம். ஆனால் ஒரு சமூகம் எந்தக் குணத்தை மெச்சுகிறது என்பது, அது குழந்தைகளுக்கு எந்தக் கதையை, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறது என்பதில்தான் மறைக்காமல் தெரியும்.

மூலக் கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்தில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். கோதாவரிக் கரையில் பிரதிஷ்டானம் அவன் ஊர். க்ஷாந்திசீலன் என்ற பிக்ஷு பத்து வருஷம் தினமும் வந்து ஒரு பழத்தைக் காணிக்கையாகக் கொடுக்கிறான். ராஜா அதை வாங்கி, பார்க்காமலேயே பொக்கிஷக்காரனிடம் தள்ளிவிடுகிறான். ஒரு நாள் ஒரு குரங்கு பழத்தைக் கடிக்கிறது. உள்ளேயிருந்து ரத்தினம் விழுகிறது. பத்து வருஷத்துப் பழங்களுக்குள்ளும் ரத்தினங்கள். இத்தனை கொடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்று ராஜா அப்போதுதான் கேட்கிறான். மந்திர சாதனைக்கு ஒரு வீரனின் உதவி வேண்டும், தேய்பிறைச் சதுர்த்தசி இரவில் மயானத்துக்கு வந்து, மரத்தில் தொங்கும் பிணத்தைக் கொண்டுவந்து தர வேண்டும் என்கிறான் பிக்ஷு. ராஜா வாக்குக் கொடுக்கிறான்.

கடமை இங்கே எப்படி உண்டாகிறது என்பது கவனிக்க வேண்டியது. ராஜா எதையும் கேட்டு வாங்கவில்லை. வாங்கியதைத் திறந்தும் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். கேட்காமல் வந்து, பார்க்காமல் சேர்ந்து, ஒரு நாள் முதலும் வட்டியுமாக எதிரே வந்து நிற்கிறது கடன். அதன் பிறகு கொடுத்த வாக்கு அவனைக் கட்டிவிடுகிறது. மயானத்துக்குப் போகிறவன் எந்தக் காரியத்துக்காகப் பிணம் சுமக்கிறோம் என்று விசாரிக்கவில்லை. வீரனுக்கு அது அழகல்ல என்று நினைத்திருக்கலாம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். வழியில் பேசினால் பிணம் திரும்பிப் போய்விடும். கதை சொல்லிக் கேள்வி கேட்கும் வேதாளம், பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடிக்கும் என்கிறது. ராஜா பதில் சொல்கிறான். வேதாளம் மரத்துக்குப் போகிறது. கடைசிக் கதையில் தகப்பனும் மகனும் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்த்து, பெரிய பாதம் உள்ளவளைத் தகப்பனும் சிறிய பாதம் உள்ளவளை மகனும் மணப்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். பெரிய பாதம் மகளுடையது, சிறியது தாயினுடையது. வாக்குப்படி தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணக்கிறார்கள். இவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்குப் பதில் தெரியவில்லை. மௌனமாக நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் விஷயத்தைச் சொல்கிறது: உன்னை அனுப்பியவன் உன்னையே பலி கொடுக்கப் போகிறான், கீழே விழுந்து வணங்கச் சொல்வான், எப்படி என்று செய்து காட்டு என்று அவனையே கேள். ராஜா அப்படியே கேட்கிறான். பிக்ஷு குனிகிறான். வாள் இறங்குகிறது.

யாரைப் பிடிக்கப் போனானோ அது எதிரி இல்லை, யாருக்காகப் பிடிக்கப் போனானோ அவன்தான் எதிரி — கதையின் முழுப் பாரமும் இந்த இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தோற்றதாக ராஜா நினைத்தான். அந்த ஒவ்வொரு தோல்வியும் அவனுடைய சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. காரியத்தைக் கெடுத்தது என்று நினைத்த உண்மைப் பேச்சுதான் அவனை உயிரோடு வைத்திருந்தது.

அம்புலிமாமாவுக்கு வருவோம். மாதம் ஒன்று என்றால் 25 கதைகள் இரண்டு வருஷம் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பத்திரிகை முடிக்கவில்லை. எங்கெங்கிருந்தோ கதைகளை எடுத்து, முடிவில் ஒரு சிக்கலை வைத்து, வேதாளத்தின் வாயில் போட்டார்கள். தொடர்கதைக்கு முடிவு என்பது விற்பனைக்கு முடிவு; ஆகவே இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. புதுக் கதைகள் பலவும் நன்றாகவே இருந்தன. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. மாதாமாதம் வரும் பகுதியில் பிக்ஷு இல்லை. முடிவு ஒத்திப்போடப்பட்டபோது அனுப்பியவன் காட்சியிலிருந்து மறைந்துவிட்டான். மிச்சம் இருந்தது மரம், பிணம், ராஜா, அவனுடைய தளராத முயற்சி. தளராமை என்ற அடைமொழியைத்தான் ஒவ்வொரு மாதமும் ராஜாவுக்குச் சூட்டினார்கள். விவேகம் பற்றிய கதை விடாமுயற்சி பற்றிய கதை ஆயிற்று.

விடாமுயற்சி நல்ல குணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்கான முயற்சி என்பதைச் சொல்லாமல் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ எப்படிச் சொல்ல முடியும்? பிக்ஷுவும் விடாமுயற்சிக்காரன்தான், பத்து வருஷம் ஒரு நாள் தவறாமல் பழம் கொண்டுவந்தவன். ராஜாவை எதற்காக மெச்சுகிறோமோ அதே குணம் அவனைக் கொல்லப் போகிறவனிடமும் இருக்கிறது, ஒரு பிடி கூடுதலாகவே.

அம்புலிமாமாக்காரர்கள் இதை முழுக்க மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கதையைத் தொடங்குமுன் வேதாளம் ஒவ்வொரு மாதமும் ராஜாவின் சிரமத்தைப் பற்றிப் பேச்செடுக்கும். இந்த நடுராத்திரியில் எதைச் சாதிப்பதற்காக இப்படிக் கஷ்டப்படுகிறாய், யார் பொருட்டு என்ற ரீதியில் ஒரு விசாரிப்பு இருக்கும். அதிலிருந்துதான் கதைக்குள் நுழையும். வேதாளத்தின் முதல் கேள்வி இதுதான். கதையின் முடிவில் வரும் கேள்விகளுக்கெல்லாம் நியாயம் பிசகாமல் பதில் சொன்ன ராஜா இதற்கு மட்டும் ஒரு மாதம்கூட வாய் திறக்கவில்லை. தலை வெடிக்கும் என்ற நிபந்தனை இந்தக் கேள்விக்குக் கிடையாது. நிர்ப்பந்தம் இல்லாத கேள்விக்குப் பதில் இல்லை. பிறர் வீட்டு வழக்குகளில் அபாரமான நியாய உணர்வு, தன் தோளில் இருக்கும் சுமையைப் பற்றி மௌனம் — இது ராஜாவுடைய குணம் மட்டும்தானா என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் இந்தக் கதைகளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனபோது வேதாளத்துக்கு 'வாம்பயர்' என்று பெயர் வைத்தார். ரத்தம் குடிக்காத வேதாளத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் அதனால் ஒரு ஒப்பீடு வசதியாகிறது. 27 வருஷம் கழித்து, 1897இல், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. அந்த நாவல் முழுவதும் டைரிகள், கடிதங்கள், தந்திகள், பத்திரிகைச் செய்திகள். அத்தனையும் வேட்டைக்காரர்களுடையவை, அல்லது அவர்கள் சேகரித்தவை. டிராகுலா எழுதிய டைரி ஒன்றுகூட அதில் கிடையாது. அவன் தரப்பு என்று ஒன்று கோப்பில் சேரவே இல்லை. வான் ஹெல்ஸிங் கூர்முளையைத் தூக்கும்போது யாரும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய வாய் நாவலின் அமைப்பிலேயே அடைக்கப்பட்டிருக்கிறது.

நூறு வருஷத்துக்குப் பின் அமெரிக்காவில் லாரல் ஹாமில்டன் 1993இல் தொடங்கிய அனிடா பிளேக் வரிசை இதையே சட்டத்துக்குள் கொண்டுவந்து பார்க்கிறது. அந்த வரிசையின் ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் ரத்தக் காட்டேரிகளுக்குச் சட்டப்படி பிரஜா உரிமை உண்டு. அனிடா அரசு அனுமதி பெற்ற வேட்டைக்காரி. கொல்லுவதற்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும். உத்தரவு வாங்கிக் கொல்லுகிறவளை வேட்டைக்காரி என்பதா, தண்டனையை நிறைவேற்றும் சிப்பந்தி என்பதா? நாவல்கள் நீள நீள, அவள் தான் வேட்டையாட வேண்டியவர்களோடேயே உறவாகிப் போகிறாள். நீண்ட தொடரில் வேட்டைக்காரனுக்கு இரண்டு கதிதான் போலும்: வேட்டைப் பொருளோடு கலந்துபோவது, அல்லது நம் ராஜா மாதிரி ஒரு மயிரிழைகூட மாறாமல் நடந்துகொண்டே இருப்பது. அங்கேயும் கதையை வேட்டைக்காரிதான் தன் வாயால் சொல்கிறாள். கதை சொல்லும் உரிமையைப் பிணத்திடம் கொடுத்தது நம் வேதாளக் கதை.

பேய் என்பது நம்மிடம் எதிரியின் பெயராக மட்டும் இருந்ததில்லை. நன்னிலத்துக்குக் கிழக்கே காரைக்காலில் ஒரு வணிகன் மனைவி, அழகைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கினாள். தன் பாட்டுகளில் தன்னைப் பேய் என்றே குறித்தாள். அவள் போய்ச் சேர்ந்த திருவாலங்காட்டிலேதான் பழையனூர் நீலி கதையும் நடக்கிறது. புருஷனால் கொல்லப்பட்ட பெண் பேயாக வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று வேளாளர் சபையில் வழக்குச் சொல்கிறாள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறுகிறான். அவன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சபையார் எழுபது பேரும் வாக்குக் கொடுத்து, அவன் காப்பாக வைத்திருந்த வாளையும் வாங்கிவிட்டு அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்குகிறார்கள்.

வாக்குத் தவறாமைக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அந்த எழுபது பேரும் தவறாகத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் ஒருவனை ஒரு இடத்துக்கு அனுப்புகிறவன் அதன் விளைவுக்கு ஜாமீன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜாமீன் தொகை அவர்கள் உயிர். பிக்ஷு அனுப்பினான், பாதுகாப்பாக மந்திர வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தான். அனுப்புகிறவர்களில் இந்த இரண்டு ஜாதி உண்டு. இரண்டாவது ஜாதி அனுப்பும்போதும் போகிறவன் வீரன் என்ற பெயரைத்தான் வாங்குகிறான்.

வேட்டை என்பது நம் காலத்தில் உருவகம் இல்லை. 'என்கவுண்டர்' என்ற சொல் தமிழ்த் தினசரிகளில் அர்த்தம் சொல்லத் தேவையில்லாத சொல்லாகி வெகுநாளாயிற்று. சுட்டவர்கள் எழுதுவதுதான் முதல் ஆவணம். டிராகுலா நாவலின் கோப்பு மாதிரி அதிலும் செத்தவன் தரப்பு கிடையாது. 2014 செப்டம்பர் 23ஆம் தேதி, பி.யு.சி.எல். எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், உச்ச நீதிமன்றம் இத்தகைய சாவுகளுக்கு 16 நெறிகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சம்பந்தப்பட்ட போலீஸே விசாரிக்காமல் வேறொரு அமைப்பு விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக்கூடாது. கடைசியில் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. பழத்துக்குள் ரத்தினம் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தைச் சட்டம் கண்டுகொண்டிருக்கிறது. மாஜிஸ்திரேட் விசாரணை என்பதும், பிணத்தைப் பேச விடுவதற்கு ஒரு குடியரசு செய்துகொண்ட ஏற்பாடுதான். எவ்வளவு தூரம் பேச விடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

2017இல் புஷ்கர்–காயத்ரி எடுத்த 'விக்ரம் வேதா' இந்தச் சம்பந்தத்தைச் சரியாகப் பிடித்தது. என்கவுண்டர் போலீஸ்காரன் விக்ரம். நல்லது கெட்டது நடுவே கோடு கிழித்து வைத்திருப்பவன். ரவுடி வேதா தானாக வந்து பிடிபட்டு, கதை சொல்லிக் கேள்வி கேட்கிறான். வியாபார சினிமாவுக்குரிய இரைச்சல் அதில் எல்லாம் உண்டு. இருந்தாலும் அம்புலிமாமா ஒத்திப்போட்ட முடிவை அந்தப் படம் திருப்பிக் கொண்டுவந்தது: கூட இருந்தவர்களே எதிர்க் கும்பலிடம் பணம் வாங்கிக்கொண்டு இந்த வேட்டையை நடத்தினார்கள் என்று விக்ரமுக்குத் தெரிய வருகிறது. யார் பொருட்டு என்ற முதல் கேள்விக்கு அவன் கடைசியில் பதில் தேட வேண்டியிருக்கிறது. படம் இரண்டு பேரும் துப்பாக்கி நீட்டி நிற்பதோடு முடிகிறது. தெரிந்துகொண்ட பிறகும் அவன் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பது நேர்மையான முடிவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கட்டளையை ஏற்றவன் ஒவ்வொருவனும் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் காரியம் நடக்கும்? ராஜாங்கம், சேனை, ஆஸ்பத்திரி, எதுவுமே நடக்காது என்பார்கள். கேட்பது வேறு, மறுப்பது வேறு. நன்னிலத்திலிருந்து கும்பகோணம் போகும் வழியில் ஸ்ரீவாஞ்சியம் இருக்கிறது. அங்கே எமனுக்குத் தனிச் சன்னதி. அவனை வணங்கிவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடம் போக வேண்டும். தலபுராணம் சொல்லும் காரணம் விசேஷமானது. உயிர்களைப் பறித்துப் பறித்து, எல்லோருடைய வெறுப்புக்கும் ஆளாகி, அந்தப் பாரம் தாங்காமல் எமன் அங்கே வந்து தவம் இருந்தானாம். அவன் தன் வேலையை விட்டுவிடவில்லை. சிவன் அவனை விடுவிக்கவும் இல்லை. அவனைத் தன் வாகனமாக்கிக்கொண்டார். பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் தொழிலின் பாரம் தெரிய வேண்டும், அனுப்புகிறவன் முன்னால் போய் நின்று அதைச் சொல்ல அவனுக்கு இடம் வேண்டும் என்று இந்தத் தலபுராணம் நினைத்திருக்கிறது. அனுப்பியவன் அந்தப் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்திருக்கிறது. வாகனம் என்பதற்கு எனக்குத் தெரிகிற அர்த்தம் அது: உன் வேலையின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், அது என் பேரில் நடக்கிறது. பிக்ஷு ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டான்.

ஆகவே வாக்குக் காப்பதும் கட்டளையை நிறைவேற்றுவதும் மட்டும் தர்மம் ஆகிவிடாது. பாதி வழியில் ஒரு கேள்வி வரும். வேட்டையாடப்படுவதிடமிருந்துதான் அது பெரும்பாலும் வரும், அனுப்பியவனிடமிருந்து வராது. அதற்குக் காது கொடுப்பது காரியத்துக்கு இடையூறு. இடையூறுதான் அங்கே தர்மம் நுழைகிற வழி. அதை அடைத்துவிட்டு நடக்கிறவனின் தைரியம் பெரியதாக இருக்கலாம். பலி மேடை வரைக்கும் அது அவனைத் தாராளமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கதை முடிவில் எழும் சிக்கல்களுக்கு நாம் நிறையப் பதில் சொல்லியிருக்கிறோம். எந்தக் கவிதை கவிதை, எது இல்லை, எவன் எவனைக் காப்பியடித்தான், எவனுடைய உடம்பில் எவனுடைய தலை — இந்தக் கடைசிப் புதிரைத் தாமஸ் மன் 1940இல் ஒரு குறுநாவலாக்கினார், கிரீஷ் கார்னாட் 'ஹயவதன'த்தில் நாடகமாக்கினார். தலைக்கே முதன்மை என்று ராஜா சொன்ன பதிலில் திருப்தி இல்லாமல் இரண்டு பேரும் அதைத் தாண்டிப் போனார்கள். கெட்டிக்காரப் பதில் போதாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு அது தோன்றுவது அபூர்வம். சிறுபத்திரிகை மயானத்தில் பதில்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

மூலக் கதையில் ராஜாவை விடுவித்தது கெட்டிக்காரத்தனம் அல்ல. அத்தனை பதில்களாலும் நடக்காதது, பதில் தெரியாமல் அவன் பேசாமல் நடந்த கொஞ்ச தூரத்தில் நடந்தது. அது பயத்தின் மௌனம் இல்லை, தெரிந்ததை மறைக்கிற மௌனமும் இல்லை. அப்படியிருந்தால் தலை வெடித்திருக்கும். தகப்பன், மகன், தாய், மகள் என்று தனக்குத் தெரிந்த முறைகளெல்லாம் கலைந்துபோய், தன் அறிவு எட்டாத இடத்தில் அவன் நின்றான். அங்கே நிற்கிறவனிடம்தான், உன்னை அனுப்பியவன் யார் தெரியுமா என்று வேதாளம் சொல்லத் தொடங்குகிறது. மாதாமாதம் பதில் சொல்லிக்கொண்டே இருந்த அம்புலிமாமா ராஜாவுக்கு அந்த இடம் கிடைக்கவே இல்லை. பத்திரிகை நின்றபோதும் அவன் தோளில் பிணத்தோடுதான் இருந்தான். யாருக்காக என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது.